மூணாம் வாய்

பந்தலூர்ப் பேருந்து என்னை இறக்கிவிடும் வளைவில்
கடை கிடையாது. ஒரு சில்வர் ஓக் மரம்,
அதில் ஆணியடித்த தகரத்தில் பாதி எழுத்து.
அங்கிருந்து ஏற்றம், முக்கால் மணி நேரம்.
அட்டைக்கு உப்பு, காலுக்கு கம்பூட்ஸ்,
தோளில் மீன்காரரிடம் வாங்கிய தெர்மகோல் பெட்டி.
எத்தனை கழுவியும் மத்தி வாசம் போகவில்லை.

தங்கம் தேடிய துரைமார் மலைக்கு மூன்று வாய் வைத்தார்கள்.
இரண்டு தாமாகவே மூடிக்கொண்டன.
மூணாவது இன்னும் பேசுகிறது,
கோடையில் முணுமுணுப்பாய்,
ஆடியில் ஊரைக் கூட்டும் குரலில்.
அது சொல்வதை எழுதிக்கொள்ளத்தான்
எனக்கு மாதம் பதினோராயிரம்.

எழுதுவது பென்சிலால். பேனா இங்கே அழுதுவிடும்.
கவட்டைபோல் வெட்டிய இரும்புத் தகடு,
அதில் வழியும் நீரின் உயரம்.
மழைமானி. வெப்பம். கலங்கல்.
பிறகு வண்டல் குட்டைகள்:
முதல் குட்டை காவி,
இரண்டாவது கட்டஞ்சாயா நிறம்.
குட்டைக்குக் கீழே ஓடை.
ஓடைக்குக் கீழே பதினெட்டு லைன் வீடுகள்,
அவற்றின் பாசிபிடித்த ஓடுகள் மட்டும் இங்கிருந்து தெரியும்.

எனக்கு முன்னால் இருந்தவர் குணதாசன்.
அவருடைய பதிவேடு அழகு.
அமிலக் கட்டத்தில் ஏழு புள்ளி ஒன்று,
ஏழு புள்ளி ஒன்று, ஏழு புள்ளி ஒன்று,
சித்திரையிலும் அதுதான், ஐப்பசியிலும் அதுதான்.
ஒரே மை, ஒரே சாய்வு,
ஒரு மத்தியானத்தில் எழுதிமுடித்த பதினான்கு மாதம்.
திட்ட வாய் வரவில்லை.
ஜூலையில் இந்த வழுக்குப் பாதையில் ஏறியவர் யாரும்
அவரைத் திட்டமாட்டார்கள்.

என் முதல் அளவு நான்கு புள்ளி ஆறு.
கடிதம் வந்தது: கருவி பழுதா எனத் தெரிவிக்கவும்.
அந்தக் கருவி போய் வேறு கருவி வந்தது.
நான்கு புள்ளி ஐந்து.
மறுபடி கடிதம்: மாதிரி எடுப்பவருக்குப் பயிற்சி தேவையா எனத் தெரிவிக்கவும்.
தேவை என்று எழுதினேன்.
பயிற்சி தர வருபவர் பூட்ஸ் கொண்டுவரவும் என்றும் எழுதினேன்.

ஆடி பதினெட்டு.
சமவெளியில் ஆற்றுக்குக் காதோலை கருகமணி விட்டிருப்பார்கள்.
இங்கே மழைமானி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.
அளக்கும் பாத்திரமே முழுகியபின்
எந்த எண்ணை எழுத?
தகட்டைக் காணோம், அதன் மேல் ஒரே வெள்ளம்.
முதல் குட்டை இரண்டாவதோடு கலந்து
இரண்டும் கரையை மறந்து
காவி முழுக்க ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

புட்டிகளை நிரப்பி, மூடியை இறுக்கி,
லைனுக்கு இறங்கினேன். அது என் வேலைப் பட்டியலில் இல்லை.
கனகாம்பிகை தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்,
கொழுந்துக் கூடையைக்கூட இறக்கவில்லை.
அக்கா, இன்னிக்கு ஓடையில அள்ளாதீங்க என்றேன்.
அவர் என் பெட்டியைப் பார்த்தார்,
புட்டிகளில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்தார்.
ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்:
இன்னிக்கு மட்டுமா?

மழை தகரக் கூரையில் கொட்டியது நல்லதாயிற்று.
காதில் விழாததுபோல் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தது.
பிறகு பதிவேட்டைப் பிரித்து
நாலு மாதத்து எண்களைக் காட்டினேன்.
அவர் மகள் விரல் வைத்து வாசித்தாள், சத்தமாக,
வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல்.
பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள்.
ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டார்.
எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும்.
பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தேன்.

குறிப்புகள் என்ற கடைசிக் கட்டம் விரலகலம்தான் இருக்கும்.
யாரும் படிக்காத கட்டம்.
அதில் நெருக்கி எழுதினேன்:
பதினெட்டு வீட்டார் கேட்கிறார்கள், இன்று மட்டுமா.
கீழே கையெழுத்து, சிவயோகம்.
பென்சிலை ஒருதரம் அழுத்தி.

கடைசிப் பேருந்தில் கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.
என்னம்மா, மீனா?
தண்ணி.
தண்ணிக்கு எதுக்கு ஐஸு?
கெட்டுப்போயிடும் என்றேன்.
அவர் சிரித்துக்கொண்டே
லக்கேஜுக்கு ஒரு டிக்கெட் கிழித்தார்.