மூன்றரை மணி வரை

நாற்பது மீட்டர் உயரத்தில் என் இருக்கை.
காலடியில் கண்ணாடி,
கண்ணாடிக்குக் கீழே பூசான் துறைமுகம்.

இந்த ஊர்ச் சந்தையில்
ஏறினால் சிவப்பு, இறங்கினால் நீலம்.
மூன்று வாரமாய்க் கைபேசியைத் திறந்தால்
கடல்தான் தெரிகிறது.

புத்தாண்டு விடுமுறைக்கு முன்
பதினேழாயிரம் வொன் விற்ற பங்கு
இன்று ஆறாயிரத்துச் சொச்சம்.
அந்தக் கம்பெனியின் கப்பலைத்தான்
காலையிலிருந்து காலிசெய்கிறேன்.

பழைய வீட்டுக்காரர் திருப்பித் தந்த முன்பணம்
கணக்கில் கிடக்கிறது.
புது வீட்டுக்கு இருபத்தாறாம் தேதி கட்ட வேண்டும்.
இடையில் இருபது நாள்.
இருபது நாளில் பணம்
எவ்வளவு தூரம் போய்வரும்?
போனது வரும் என்று யார் சொன்னது?

பக்கத்து கிரேன் தக் க்வாங்-சிக்
பதினொன்றில் வாங்கினார், இதுதான் தரை என்றார்.
ஒன்பதிலும் அதையே சொன்னார்.
நேற்று கேன்டீனில்
சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்துவிட்டு,
"தரைக்கு அடியில் நிலவறை இருக்கிறதம்மா" என்றார்.
குடிக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது
இந்த எடைகாட்டி ஒன்றுதான்.
நேற்றிரவு தூக்கியதில் பாதிக்குமேல்
மூன்று புள்ளி எட்டு டன்.
அது பெட்டியின் எடை மட்டும்.
உள்ளே காற்று.
செய்தி வாசிப்பவருக்கு முன்பே
என் இடது கைக்குத் தெரிந்துவிடுகிறது.
கனக்கத் தொடங்கும் நாளும்
அதற்குத்தான் முதலில் தெரியும்,
அல்லது அப்படி நினைத்துக்கொள்கிறேன்.

கப்பலின் தள மூடியைத் திறக்கிறார்கள்.
எனக்குக் கொஞ்ச நேரம் வேலையில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
கடலில் போடுவதற்கு எது படி?
முன்பணத்தைத் தொடாமல்
இரவு வேலைப் படியை மட்டும் எடுத்தேன்.
ஐம்பது பங்கு,
ஆறாயிரத்து நூற்றைம்பதுக்குக் கேட்டு வைத்தேன்.

விலை நூற்றறுபது வரை வந்தது.
நின்றது.
மூன்றரை மணிக்குச் சந்தை மூடியது.

பத்து வொன்.
தெருவில் கிடந்தால் குனியமாட்டேன்.
தப்பித்தேனா, தவறவிட்டேனா,
இரண்டுக்கும் ஒரே மூச்சுதான் வந்தது.

ரேடியோவில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள்.
கொக்கியை இறக்கிக் கவ்வித் தூக்கினால்
எடைகாட்டியில் இருபத்து நான்கு.
மறுபடி பார்த்தேன். இருபத்து நான்குதான்.

ஒரு பெட்டியை வைத்து எதையும் சொல்ல முடியாது.
என்றாலும்
வழக்கத்தைவிட மெதுவாக இறக்கினேன்.