நீர் ஆதாரம்: பூஜ்யம்

நீர் ஆதாரம் என்ற கட்டத்தில்
பூஜ்யம் போட்டால்
படிவம் சிவக்கிறது.
மூன்றாம் முறை.

வின்ஸ்லோவிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டிவந்து
ஹோபி மணல்மேட்டில்
வண்டியின் மூக்கில் மடிக்கணினியை வைத்து நிற்கிறேன்.
பருவநிலைக்கேற்ற வேளாண்மை மானியம்,
கடைசித் தேதி வெள்ளி.

செடிக்குச் செடி ஒன்பது அங்குலம் என்கிறது விதி.
டெல்மர் தலாஷோமா
மூன்று தப்படி தள்ளிப் போய்
தோண்டுகோலை இறக்குகிறார், முழங்கை மறையும்வரை.
அடியில் மணல் கறுத்திருக்கிறது.
பிப்ரவரியில் பெய்த பனி
மே மாதம்வரை யாரிடமும் சொல்லாமல்
அங்கேயே இருந்திருக்கிறது.
குழிக்குப் பத்து விதை,
எலிக்கும் காக்கைக்கும் சேர்த்து.

நிலம் யார் பெயரில்?
"தாய்வழிக் குலத்தின் பெயரில்."
அப்படியொரு கட்டம் இல்லை.
விதை?
"மார்லிண்டாவைக் கேளுங்கள். விதை என் அக்காவுடையது."
அதற்கும் இல்லை.

சொட்டுநீர்க் குழாய் தருவோம் என்றேன்.
சொல்லும்போதே காது சுட்டது.
குழாயை எதில் மாட்டுவது என்று
அவர் கேட்கவுமில்லை.

அவருக்கு வேண்டியது வேலி.
இரவில் எவர் மாடோ இறங்குகிறது.
நாற்பது கம்பம், முள்கம்பி,
அவ்வளவுதான்.
வேலியே பயிரை மேய்வது பற்றி
எங்களிடம் ஒரு பழமொழி உண்டு;
அலுவலகச் சட்டையில் நின்றுகொண்டு
அதை எப்படிச் சொல்ல?

கடைசியில் 'மற்றவை' என்ற கட்டத்தில்
மானாவாரி என்று
தமிழிலேயே தட்டினேன்.
பச்சை.

திங்கட்கிழமை பீனிக்ஸிலிருந்து கூப்பிடுவார்கள்,
இது என்ன என்று.
கூப்பிடட்டும்.
கம்பம் என்ன விலை என்று
நான் கேட்டு வைத்தாயிற்று.