கம்பி

தை மாதத்தில் மூன்று நாள் காடு திறக்கும்.
புல் அறுக்கலாம். தலைக்கு ஒரு சீட்டு.
நாலாம் நாள் பூட்டிவிடுவோம்.
பூட்டென்று ஒன்றுமில்லை, ஆறும் நானும்தான்.

நாராயணிக் கரையில் முழங்கால் உயரத்துக்குப் பனி.
இருமலை வைத்தே சொல்லிவிடுவேன்
வருவது யார் வீட்டுப் பெண்ணென்று.
நானும் இந்தக் கரைக்காரன்தான். போட்டே.
வலையும் தோணியுமாய்ப் பிழைத்தவர்கள்.
இன்று எனக்குக் காக்கி,
மாதம் பிறந்தால் சம்பளம்,
மகளுக்குப் பள்ளிக்கூடம்.
அதையும் சொல்ல வேண்டுமில்லையா.

காவல் சாவடிக்குப் பின்னால் எட்டுத் தோணிகள்.
பறிமுதல்.
ஒவ்வொன்றிலும் ஒரு துடுப்பு மல்லாந்து கிடக்கிறது.
மூன்றாவது என் அண்ணன் ஜீத்பகதூருடையது,
ஒரே இலவமரத்தைக் குடைந்து செய்தது.
போன மழைக்கு அதில் தவளை முட்டையிட்டது.
வெள்ளைக்காரர்கள் ஏறி நின்று படம் எடுத்தார்கள்.

ஆற்று மீன் முதலைக்கு என்றாகிவிட்டது.
முதலைகள் பெருகியிருப்பது நிஜம்; எண்ணியவனே நான்.
குஞ்சுகள் தாயின் தலைமேல் வெயில் காய்ந்ததை
வேலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.
அண்ணன் கத்தாரில் கம்பி கட்டுகிறான்.

என் கையிலும் கம்பிதான்.
கட்டை அவிழ்க்க நேரமில்லை, குத்திப் பார்க்க வேண்டும்.
புல்லென்றால் சரக்கென்று போகும்.
விறகென்றால் நிற்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம்
அண்ணி சொன்மதியா வரிசையில் வந்தாள்.
தலைச்சுமை ஆளைவிட இரண்டு மடங்கு நீளம்.
குத்தினேன். நின்றது.
ஒரு முழம் தள்ளிக் குத்தினேன்.
அங்கேயும் நின்றது.
சுபேதார் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.
அவள் என்னைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தாள்.
காண்டாமிருகம் அவள் நெல்லை மேய்ந்த வாரம்
நஷ்டஈட்டு மனு எழுதிக் கொடுத்தவனும் நான்.
இரண்டு அறுவடை போய்விட்டது. பதில் இல்லை.

"புல்" என்றேன்.
ஒரு கட்டு என்று எழுதினேன்.

"ஒண்ணு இல்ல, ரெண்டு" என்றாள்.
"காலையில ஒண்ணு கொண்டு போனேன்.
கணக்க ஒழுங்கா எழுது."

எழுதினேன். போனாள்.

இருட்டும் முன் சாவடிப் பொருட்களைச் சரிபார்ப்பது வழக்கம்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்:
தோணி எட்டு.
துடுப்பு ஏழு.

பதிவேட்டைப் புரட்டினேன்.
தோணிக்குக் கட்டம் இருக்கிறது, வலைக்கு இருக்கிறது,
தூண்டில் முள்ளுக்குக்கூட இருக்கிறது.
துடுப்புக்கு இல்லை.