மூன்றாண்டுத் திட்டம், காற்று நீங்கலாக

பணகுடியில்
ஆனி ஆடியில் பந்தைத் தூக்கிப்போட்டால்
அது நம்முடையதல்ல.
மேற்கே கணவாய் வாய் திறக்கும்.
சர்வீஸ் அடித்தவன் கை இறங்குமுன்
காற்றாலைக் கம்பெனி வேலிக்குள் கிடக்கும் பந்து.
ஆகவே திட்டத்தின் முதல் வரியைக்
காற்றே எழுதிக் கொடுத்துவிட்டது:
ஜூன் முதல் செப்டம்பர் வரை போட்டி கிடையாது.

மீதியைத்தான் நாங்கள் எழுத வேண்டியிருந்தது.
நிதி தருகிறோம் என்ற கம்பெனி
ஒன்பது பக்கப் படிவம் அனுப்பியிருந்தது.
மூடிய ரைஸ்மில்லில், உமி நெடியில்,
ஒரே டியூப்லைட்டின் கீழ் உட்கார்ந்தோம்.
நான் செயலாளர். கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால்.

முதல் கட்டம்: தொலைநோக்கு.
தலைவர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
"ஒலிம்பிக்குன்னு எழுதுடே" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை, அதுதான் சங்கடம்.
எழுதினேன். பிறகு அடித்தேன்.

கையிருப்பு நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு.
வலை இரண்டு; ஒன்று உவரியில் கொடுத்து
மீன்வலை முடிச்சில் ஒட்டுப்போட்டது.
பந்து ஐந்து. ஊரெல்லாம் காற்று,
மூன்று பந்தில் மட்டும் நிற்க மாட்டேனென்கிறது.
மைதானத்துச் சாவி ஒன்று;
அது யாரிடம் என்பது அன்றன்றைக்குத் தெரியும்.

பொருளாளர் ஜெபக்கனி
தையல்கடை நோட்டைப் பிரித்தாள்.
ஒரு பக்கம் ஜாக்கெட் அளவுகள், மறுபக்கம் கழகக் கணக்கு.
"போன வருசம் ராத்திரிப் போட்டி:
பிளெக்ஸ், மைக் செட், கோப்பை, புரோட்டா,
எல்லாஞ் சேத்து முப்பத்தெட்டாயிரம்.
பொம்பளப் பிள்ளைய டீம்
பதினாலு பேரு சேந்துச்சி, இப்ப அஞ்சு."

"கல்யாணம், காலேஜுன்னு போயிருக்கும்" என்றார் அண்ணாச்சி.

"ஒம்பது வீட்டுக்கும் போனேன்" என்றாள்.
"கக்கூஸ் இல்ல அண்ணாச்சி.
ஆட்டம் உள்ள அன்னைக்கு
மத்தியானத்தோட தண்ணி குடிக்கிறத நிறுத்திருதுவ."

வெளியே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றாக எரிந்தன, ஒன்றாக அணைந்தன.
ராத்திரிப் போட்டி
அண்ணாச்சியின் தம்பி நினைவுக் கோப்பை.
நாற்கரச் சாலையில், லாரியில், இருபத்தாறு வயசில்.
அதைச் சொல்ல வேண்டியதில்லை.
அதனால் யாரும் எதையும் சொல்லவில்லை.
நான் பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்தேன்.

வெகுநேரம் கழித்து
"இந்த வருசம் கோப்பை வேண்டாம்" என்றார்.
பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில்,
"கதவுல அவன் பேர எழுதிக்கலாமா?"
"கக்கூஸ் கதவுலயா அண்ணாச்சி?"
அப்போதுதான் சிரித்தோம். அவர்தான் முதலில்.
"அப்பம் தண்ணித் தொட்டியில எழுது.
அவன் நல்லா தண்ணி குடிப்பான், அந்த அர்த்தத்துல இல்லடே..."
மறுபடியும் சிரிப்பு.

அதன்பின் வேலை ஓடியது.
முதலாண்டு: கதவுள்ள கழிப்பறை, தொட்டி, நான்கு பந்து.
இரண்டாமாண்டு: ஒரு விளக்குக் கம்பம்.
மூன்றாமாண்டு: பார்க்கலாம்.
படிவம் கேட்காத ஒன்றுக்குத்தான்
அதிக நேரம் சண்டை போட்டோம்:
சாவிக்கு இரண்டு நகல்.
ஒன்று டீக்கடை பீர்முகம்மதுவிடம்,
ஒன்று பாலுக்காகக் காலை நாலரைக்கே எழும்
லிபரோ முத்தரசியிடம்.
தலைவரிடம் வேண்டாம். தீர்மானம் நிறைவேறியது.

தொலைநோக்குக் கட்டத்தில்
அடித்த ஒலிம்பிக்குக்குக் கீழே
கடைசியாக எழுதினேன்:
அக்டோபர் முதல் திங்கள், மாலை ஐந்து மணி,
பதினான்கு பேர்,
தண்ணீர் குடித்துவிட்டு.

கம்பெனியிலிருந்து இன்னும் பதில் இல்லை.
செங்கல் இறங்கிவிட்டது,
ஜெபக்கனி பேரில், கடனுக்கு.