எட்டு வீதம்

வாழைச்சேனைத் துறைமுக வீதியில்
நண்டு பொதி செய்கிற கம்பனி.
கீழே ஐஸ் அறை. மேலே கணக்குக் கந்தோர்.
ஆறு வருடம்
சம்பளத் துண்டு அடித்தது நான்தான்.

அடிப்படை. மேலதிக நேரம்.
கையுறைக்குக் கழிவு.
பத்து நிமிடம் பிந்தினால் அரை நாள் கழிவு.
கடைசிக்கு முதல் வரி:
ஊழியர் சேமலாப நிதி, எட்டு வீதம்.
அந்த வரியில் மட்டும்
விரல் கொஞ்சம் வேகமாகப் போகும்,
நாய் படுத்திருக்கிற ஒழுங்கையில்
சைக்கிள் மிதிக்கிற மாதிரி.

வெட்டியது உண்மை. கட்டவில்லை.
முதல் மாதம் டீசலுக்கு என்றார் புவிதரன் சேர்.
"அடுத்த மாசம் சேத்துக் கட்டுவம்."
அடுத்த மாதம் ஐஸ் மெஷின் பழுது.
அதற்கடுத்த மாதம் அவர் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
மோட்டார் சைக்கிளுக்கு எனக்கு முற்பணம் கிடைத்ததும்
அந்த வருடம்தான்.
சும்மா, ஒரே வருடம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஞானசௌந்தரி
நண்டு உடைக்கிற மேசையில் மூன்றாவது ஆள்.
ஓடு குத்திச் சுட்டுவிரல் பழுத்து
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில்
பாதி விரலை விட்டுவிட்டு வந்தாள்.
பிறகு வேலையையும் விட்டாள்.
தொழில் கந்தோருக்குப் போய் வந்த அன்று
மாடிப்படி ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றி,
"என்ட பேரில ஒண்டுமே இல்லையாம் தம்பி" என்றாள்.

"கொழும்பில தாமதம் அக்கா."

கொழும்பு நல்ல சொல்.
எதையும் அங்கே அனுப்பிவிடலாம்.
முந்நூறு கிலோமீட்டர் போய்
யார் பார்த்துவரப் போகிறார்கள்?

யன்னலால் பார்த்தேன். கேற்றடியில் அவள் மகன்.
கம்பனி கொடுத்த கிரிக்கெட் ரீசேட்,
முதுகில் கம்பனியின் பெயர்.
பதினொரு பேருக்கு எடுத்தது. பில் என்னிடம் இருக்கிறது.
எந்தக் காசில் எடுத்தது என்பதும்.
அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு
அவன் தாயின் எட்டு வீதம்
வியர்த்திருந்தது.

திங்கட்கிழமை பரிசோதகர் வருவார் என்று
ஞாயிறு இரவு சேர் போன் எடுத்தார்.
"அந்த மனுசி நாள்கூலிதானே.
லிஸ்டில இருந்து எடுத்து விடு. சின்ன விசயம்."
சின்ன விசயம்தான். ஒரு வரி.
அழித்தேன்.
கீழே இருந்த உம்மு ஹபீபா
ஓர் இடம் மேலே வந்தாள்.
கணினி கேட்டது:
மாற்றங்களைச் சேமிக்கவா?

ஆறு வருடத்தில் அந்தக் கந்தோரில்
சேமிப்பைப் பற்றி எழுந்த
ஒரே கேள்வி.
ஓம் என்றேன்.

பரிசோதகர் தேத்தண்ணீர் வேண்டாம் என்றார்.
லிஸ்டைப் புரட்டினார். இன்னொரு தரம் புரட்டினார்.
பிறகு கதவடியில் நின்றவளை உள்ளே கூப்பிட்டார்.
அவள் ஒரு சொப்பிங் பேக்கை
மேசையில் கவிழ்த்தாள்.
எழுபத்தொரு சம்பளத் துண்டு,
வருடத்துக்கு ஒரு றப்பர் வளையம்.
கையில் எடுத்தாலே நண்டு மணக்கும்.
ஒவ்வொன்றின் அடியிலும்
நீல மையில் ஒரு கையெழுத்து.
முதல் வருடம் முழுப் பெயராய், வடிவாக.
போகப்போக வெறும் சுழி.

"இது ஆருடைய கையெழுத்து?"

சேர் காற்றாடியைப் பார்த்தார்.
நான் வாய் திறக்க முதல்
அவள் குனிந்து,
மிச்ச விரலால் கட்டைத் தட்டி ஒழுங்காக்கி,
என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஊரடங்கு மாசத்துத் துண்டு மட்டும் காணல்ல தம்பி.
வீடெல்லாம் தேடிப் பாத்திட்டன்.
குறை நினைக்காதீங்க."