திறக்காது

பத்துக்கு எத்தனை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.
அதுவரை நானே இரண்டு முறை மாற்றியிருப்பேன்.

'உப்புக்காவல்', இரண்டாம் பாகம்.
பதினோரு வருடக் காத்திருப்பு.
வெளியான வெள்ளியன்று தார்த்துவில் பனி கொட்டியது,
எமயொகி ஆறு ஓரங்களில் மட்டும் உறைந்திருந்தது,
நான் கடையை இரண்டு மணிக்கே சாத்தினேன்.
பூட்டுக்கடைக்காரி தன் கடையைப் பூட்டுவதில் என்ன தவறு.

மழை நன்றாக இருக்கிறது.
சதுப்பில் இறங்கினால் சேறு ஏறிக் காலணி கனக்கிறது,
நடையே தளர்கிறது. யாரோ ஒருவர்
ராத்திரி கண்விழித்து இதை யோசித்திருக்கிறார், அவர் வாழ்க.
கூட வரும் மருத்துவச்சி நம்மைத் திட்டுவது அருமை.
கடைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே தொண்டை.
குதிரை இன்னமும் பாலத்துக்குள் சிக்கி
பின்னங்கால் இரண்டையும் ஆற்றுக்குக் கடன் கொடுத்துவிட்டு நிற்கிறது.

ஆனால் பூட்டுகள்.
முதல் பாகத்தில் கம்பியைத் திருப்பும்போது
கன்ட்ரோலர் உள்ளங்கையில் லேசாக உதறும்.
ஐந்து ஊசிகளில் எது பொய் சொல்கிறது என்று
கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.
இப்போது ஒரு பொத்தான், ஒரு வட்டம், பச்சையானால் திறந்தது.
இருபத்தாறு வருடம் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டியவளிடம்
பச்சை வட்டத்தைக் காட்டுகிறார்கள்.

இனி அந்தக் கதவு.
பழையதை ஆடியவர்களுக்குத் தெரியும்:
கிணற்றுக்கடியில், மூன்றாம் நிலவறை, இரும்புப் பட்டை போட்டது.
நாற்பதாம் லெவலுக்கு ஏறி, திருடர் சங்கத் தலைவியாகி,
அரசன் இடுப்புச் சாவிக்கொத்தையே உருவிவந்து நின்றாலும்
'இது திறக்காது' என்று ஒரே வரி.
பூட்டியிருக்கிறது என்றுகூட இல்லை.
அதன் பின்னால் ஒன்றுமில்லை என்பான் தார்வோ,
கதவு வரைந்தார்கள், அறை வரையக் காசில்லை என்பான்.
அவன் தச்சன், அப்படித்தான் பேசுவான்.
என் விவாகரத்து வழக்கு இழுத்த குளிர்காலம் முழுக்க
அணைப்பதற்கு முன் தினமும்
என் ஆளை அதன் எதிரே கொண்டுபோய் நிறுத்துவேன்.
ஏனென்று வக்கீலுக்கே சொன்னதில்லை.

இரண்டாம் பாகத்தில் அது திறக்கிறது.
ஒன்பதாவது மணி நேரம். பச்சை வட்டம்.
உள்ளே ஒரு நாற்காலி, ஒரு பெட்டி,
பெட்டிக்குள் நெருப்பைத் தாங்கும் கேடயம், பன்னிரண்டு புள்ளி.
பன்னிரண்டு!
பதினான்கு புள்ளிக் கேடயம் ஏற்கெனவே என் தோளில் தொங்குகிறது.
இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்து
ஐந்து என்று குறித்துவைத்தேன்.

ஞாயிறு அதிகாலை மூன்றேகாலுக்கு அழைப்பு.
அன்னெலின், ஒன்பது மாடிக் கட்டடம், ஆறாவது தளம்.
குப்பை கொட்ட வெளியே வந்தவள், காற்றில் கதவு அறைந்துகொண்டது.
ரீனு என்று பெயர். காலில் வீட்டுச் செருப்பு,
மேலே பக்கத்து வீட்டுக்காரரின் கோட்டு.
முட்டி போட்டுக் கம்பியை நுழைத்தேன்.
ஊசி ஒன்று. இரண்டு. மூன்றாவது பொய்க்காரி.
உள்ளிருந்து சன்னமாக ஒரு சத்தம்,
நீர்மேல் நீர் சொட்டுவது, நடுநடுவே இரும்பு முனகுவது.
எனக்குத் தெரியும் அந்தச் சத்தம்.

திறந்ததும் கூடத்துத் திரையில்
அவளுடைய ஆள் அந்தக் கதவின் எதிரே நின்றிருந்தான்,
மூச்சுக்கு மார்பு ஏறி இறங்க, கை நீட்டாமல்.
என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.
"நீங்களும் ஆடுகிறீர்களா? ஐயோ, சொல்லிவிடாதீர்கள்.
நேற்று மத்தியானத்திலிருந்து இவனை இங்கேயே நிறுத்திவைத்திருக்கிறேன்.
ஜன்னல் துடைத்தேன், அடுப்பு துடைத்தேன்,
குப்பைதான் பாக்கி இருந்தது."

நான் சொல்லவில்லை.
நடுராத்திரிக் கட்டணம் எண்பது யூரோ, அறுபது வாங்கினேன்,
பூட்டுக்கு எண்ணெய் விடச் சொன்னேன்.
படி இறங்குகையில் காது மட்டும் ஆறாவது தளத்திலேயே தங்கிவிட்டது.
பச்சை வட்டத்துக்குச் சின்னதாய் ஒரு மணிச்சத்தம் உண்டு.
ஐந்து, நான்கு, மூன்றாம் தளம்.
கேட்கவில்லை.

வேனில் உட்கார்ந்து ஐந்தை அடித்து ஏழாக்கினேன்.
குதிரையைச் சரிசெய்தால் அரை கூட்டலாம்,
ஆனால் ஏழரை என்று எழுதக் கை வரவில்லை.