கத்தி என்று எழுதவும்

டீக் கோப்பையைக் கவிழ்த்து
அடிவளையத்தில் தீட்டுவேன்.
மெருகில்லாத அந்தச் சொரசொரப்பு போதும்
காலை காரட்டுக்கு.
ஃபெர்ன்ஹில் பனியில்
துடைத்து வைத்தாலும் துருவேறும்.
எண்ணெய் தடவலாமென்றால்
தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாய்க் கிடக்கும்.

எட்டு வருடத் தீட்டலில்
நெத்திலியாய் மெலிந்தது ஒன்று.
பிடியில் ஒரு ஆணி கழன்று
வெங்காயத்துக்குக்கூட ஆடியது.
பழைய அரிசிப் பையில் குப்பையோடு கட்டி
கேட்டோரம் வைத்தேன்,
மறந்தேன்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது,
நாகமணி வரவில்லை.
திங்களன்று வந்தாள்
இடது உள்ளங்கையில் மூன்று தையலோடு.
சண்டை போடவில்லை.
கழுவித் துடைத்த கத்தியை
பிடி என் பக்கமாக நீட்டினாள்.
"அட்டையில சுத்துங்க.
மேல கத்தின்னு எழுதுங்க.
எனக்குப் படிக்க வரும்."

டீ குடிக்கிறியா என்றேன்.
அடுத்த தெருவில் விசில் ஊதிக்கொண்டிருந்தது.

அது இப்போது
சோப்புக் கட்டி நறுக்குகிறது,
படியில் பாசி சுரண்டுகிறது.
என்றாவது போகத்தான் வேண்டும்.
புதுக் கத்தி வந்த அட்டையை எடுத்து
'கத்தி' என்று எழுதிப் பார்த்தேன்.
சின்னதாக இருந்தது.
திருப்பி, பின்பக்கம்
பெரிதாக எழுதினேன்.